சக்கரத்தின் தோல்

காரின் சக்கரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்தாள். "கதாநாயகிகளுக்கு அவ்வளவு பஞ்சம் வந்துவிட்டதா?" என்று கேட்டாள். பஞ்சம் ஒன்றும் வரவில்லை. ஆனால் போன வருஷம் ஆடி மாதத்தில், போடிமெட்டு மலைப்பாதையில் பாதி இறக்கத்தில், ஒரு சக்கரம் எங்கள் மூன்று பேரை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தது. எந்தக் கதாநாயகியும் என்னை அப்படிக் கலங்க அடித்ததில்லை.

இந்தக் காலத்துக் கார்களின் சக்கரங்களைக் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் இரும்புத் தகட்டை அழுத்திச் செய்த சக்கரம், அதன் மேல் சோற்றுப் பானை மூடிபோல ஒரு மூடி, அவ்வளவுதான். இப்போது நட்சத்திரம், தாமரை, சிலந்தி வலை என்று பல வடிவங்களில் வெள்ளி போல் மின்னுகின்றன. 'அலாய் வீல்' என்று பெயர். பெயர் பெரிது; சரக்கு நம் சமையற்கட்டில் பழகிய அலுமினியம்தான். நூற்றுக்கு ஏழு பங்கு சிலிக்கனும், அரைப் பங்குக்கும் குறைவாக மக்னீசியமும் கூட்டி வார்ப்பது பொதுவான வழக்கம். இரும்பைவிடக் கனம் குறைவு. பிரேக்கில் பிறக்கிற சூட்டையும் சீக்கிரம் வெளியே விட்டுவிடும்.

இந்த அலுமினியம் ஒரு காலத்தில் ராஜ போகத்தில் இருந்தது. 1884-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்குக் கலசம் வைக்க அவர்கள் தேடிப் பிடித்தது அலுமினியத்தைத்தான். அப்போது அது அவ்வளவு அருமை. இரண்டு வருஷம் கழித்து, அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூல்ட்டும் தனித்தனியே மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். விலை சரிந்தது. 1898-ல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற எஞ்சினியர் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கிவிட்டார். 1900-ல் அதற்கென்று ஒரு கம்பெனியே சென்னையில் ஏற்பட்டது. ஆக, கலசத்திலிருந்து குண்டானுக்கு இறங்கி வரப் பதினாறே வருஷம். சக்கரமாக அது பேர் வாங்கியது 1924-ல். பிரான்சில் லியோன் நகரத்துப் பந்தயத்துக்கு எட்டோரே புகாட்டி கொண்டுவந்த கார்களில், சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒன்றாகச் சேர்த்து அலுமினியத்தில் வார்க்கப்பட்டிருந்தன.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று எல்லாரும் சொல்கிறோம். அது பாதி உண்மை. காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன் மேல் ஒரு தோல் படர்ந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் நாலைந்து கூறு கனம் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தோல் இருக்கும்வரை உள்ளே இருக்கிற உலோகத்துக்கு ஆபத்தில்லை. கீறல் விழுந்தால் உடனே புதுத் தோல் வளர்ந்துகொள்ளும். இரும்பின் துருவுக்கு இந்த நல்ல குணம் கிடையாது. அது உதிர்ந்து உதிர்ந்து உள்ளே போகும்.

இந்தத் தோலுக்கு மூன்று சத்துருக்கள். புளிப்பு ஒன்று, காரம் ஒன்று, உப்பு ஒன்று. எங்கள் பாட்டிக்கு ரசாயனம் தெரியாது. ஆனாலும் புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் இரவு வைக்க விடமாட்டாள். சோடா உப்புப் போட்டு அதைத் தேய்க்கவும் விடமாட்டாள். "கறுத்துப் போகும்டி" என்பாள். புளிப்பிலும் கரையும், காரத்திலும் கரையும் என்ற இந்த இரட்டைப் பலவீனம் உலோகங்களில் எல்லாவற்றுக்கும் இல்லை. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய கை, அதே நினைப்பில் அலுமினியத்தின் மேல் போனால் வம்பு. சக்கரம் செய்கிறவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் சாயம் பூசி, அதற்கு மேல் கண்ணாடிபோல ஒரு வார்னிஷும் ஏற்றி அனுப்புகிறார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுவோமே, அதே காரியம். நாம் 'பளபளப்பு' என்று தேய்ப்பதெல்லாம் இந்த வார்னிஷைத்தான்.

இனி எங்கள் ஊர்ப் பாதைக்கு வருகிறேன்.

கொச்சியில் புறப்பட்டு, மூணாறு வழியாக வந்து, போடிமெட்டில் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, போடி, தேனி, மதுரை, சிவகங்கை என்று தொண்டி வரை போகிறது 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. இரண்டு முனையிலும் கடல்; நடுவே மலை. போடிநாயக்கனூர் மலையின் காலடியில் உட்கார்ந்திருக்கிறது. ஊரில் வெயில் காய்கிறபோதே, நிமிர்ந்து பார்த்தால் மேலே மேகம் உட்கார்ந்திருக்கும். முந்தலில் மலை ஏறத் தொடங்கினால் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே போகும். சாயங்காலம் வரிசையாகக் கீழே வரும். ஏறும்போது என்ஜினுக்கு வேலை. இறங்கும்போது பிரேக்குக்கு வேலை.

பிரேக்கின் கட்டை தேய்கிறது, இரும்புத் தட்டும் தேய்கிறது. இரண்டிலிருந்தும் பறக்கிற தூள், அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறிபோலச் சூடாகப் போய்ச் சக்கரத்து வார்னிஷில் குத்திக்கொள்கிறது. பிறகு பனி, சாரல். குத்திக்கொண்ட இரும்புத் துகள் துருவாகிறது. வெள்ளிச் சக்கரத்தில் தவிட்டு நிறப் புள்ளிகள் தோன்றுவது அதனால்தான். முன் சக்கரங்களில் அதிகமாக இருக்கும். பழைய ஜீப் டிரைவர்கள், "ஏறின கியர்லயே இறங்கணும்" என்பார்கள். பிரேக்கைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை. அது சக்கரத்தையும் காப்பாற்றுகிறது.

என் அத்தானுக்கு மலையில் ஐந்து ஏக்கர் ஏலத்தோட்டம். 2010 கடைசியில் மதுரைக்கும் போடிக்கும் ஓடிய மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்திவிட்டு, 2023 ஜூனில்தான் அகலப் பாதையில் ரயிலைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பஸ்ஸில் நசுங்கி வெறுத்துப் போய் அத்தான் ஒரு கார் வாங்கினார். பழைய கார்தான். ஆனால் சக்கரங்கள் அலாய். அத்தான் பெரிய சுத்தக்காரர். செருப்பையே சோப்புப் போட்டுக் கழுவுகிற மனிதர். கார் கண்ணாடியில் கோடு விழுந்திருந்தாலும் பொறுத்துக்கொள்வார். சக்கரம் மின்ன வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சக்கரத்துக்கு அவர் அபிஷேகம் நடத்துவதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

முன் இடது சக்கரத்தில் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை காற்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆணி இல்லை, முள் இல்லை. அத்தானும் திங்கட்கிழமை தோறும் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

அன்று தோட்டத்திலிருந்து நானும் அக்காவும் அவரும் இறங்கிக்கொண்டிருந்தோம். சாரல். ஐந்தரை மணிக்கே மஞ்சு இறங்கி ரோட்டை மூடிவிட்டது. ஒரு வளைவைத் திரும்பினதும் கார் இடது பக்கம் இழுத்தது. அத்தான் ஓரங்கட்டி நிறுத்தினார். டயர் தரையோடு படிந்து கிடந்தது. பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம், ஜாக்கி வைத்தோம், நட்டுகளைக் கழற்றினோம். சக்கரம் வரவில்லை.

இழுத்தோம். ஆட்டினோம். அத்தான் ஸ்பானராலேயே தட்டினார். நட்டு ஒன்றுகூட இல்லாத சக்கரம், அச்சோடு பற்ற வைத்தது போல அசையாமல் நின்றது. அக்கா ஓரத்துச் சுவரை ஒட்டிச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். மேலிருந்து இறங்குகிற ஒவ்வொரு வண்டியும் கடைசி நிமிஷத்தில்தான் எங்களைப் பார்த்தது. ஹாரன் அலறிக்கொண்டே விலகியது. ஒரு லாரி விலகின விதத்தில் அக்கா, "முருகா!" என்று சுவரைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு இரண்டு மாதம் முன்புதான் முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஓடி விலகக்கூட முடியாது.

கூலியாட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஜீப் நின்றது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். முதலில் ஒரு பையனை டார்ச்சோடு வளைவுக்கு மேலே அனுப்பினார். பிறகுதான் சக்கரத்தைப் பார்த்தார்.

"நட்டு எல்லாத்தையும் கழட்டிட்டீங்களா? மறுபடி ரெண்டு ரெண்டு சுத்து மாட்டுங்க சார். சக்கரம் பேந்து வந்து காலு மேல விழுந்துரும்."

மாட்டினோம். அவர் திரும்பி நின்று, குதிகாலால் டயரின் இடப் பக்கத்தில் ஒரு உதை, வலப் பக்கத்தில் ஒரு உதை கொடுத்தார். நாலாவது உதையில் 'டக்' என்று ஒரு சப்தம். சக்கரம் அசைந்தது.

"அலுமினியமும் இரும்பும் கட்டிக்கிட்டா லேசுல விடாதுங்க" என்றார். "அக்காவை ஜீப்புல ஏறச் சொல்லுங்க. கீழ முந்தல்ல இறக்கி விடறேன். நீங்க மெதுவா வாங்க." அக்கா போனதும்தான் அத்தானுக்குக் கை நடுக்கம் நின்றது.

மறுநாள் போடியில் ஒரு டயர்க் கடை. கடைக்காரர் டயரைப் பிரித்து, சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டார். வெளிப்புறம் கல்யாண மாப்பிள்ளைபோல இருந்தது. உட்புறம் வேறு ஆள். அடுப்புக்கரி போலப் பிரேக் தூள் அப்பியிருந்தது. டயரின் விளிம்பு உட்காருகிற இடத்தில் வார்னிஷ் பொரிந்து, கீழே வெள்ளை வெள்ளையாக, பழைய சுவரில் உப்புப் பூத்தது போல மாவு கிளம்பியிருந்தது. காற்று அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. பாலன்ஸ் செய்வதற்கு விளிம்பில் கவ்வ விட்டிருந்த எடைக்கட்டி ஒன்றைப் பெயர்த்தார். அதன் அடியிலும் பள்ளம். அச்சில் உட்காரும் நடுவட்டத்தில் வெள்ளையும் தவிட்டு நிறமும் கலந்து ஒரு காரை. அதுதான் முந்தின நாள் சக்கரத்தைப் பிடித்து வைத்திருந்த பசை.

"இதை எதைப் போட்டுக் கழுவுறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

அத்தான் பெருமையோடு சொன்னார்: "சலவைச் சோடா."

ஏலக்காய் விஷயம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். பறித்த பச்சை ஏலக்காயை உலர்த்துவதற்கு முன், நூறு லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ சலவைச் சோடா கரைத்து, பத்து நிமிஷம் அதில் ஊற வைப்பார்கள். காயின் பச்சை நிறம் நிற்கும். ஏலத்தில் பச்சைக்குத்தான் விலை. ஸ்டோரில் மிச்சமாகும் அந்தச் சோடாத் தண்ணீரை அத்தான் ஒரு கேனில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். ஏலக்காயின் நிறத்தைக் காப்பாற்றுவது சக்கரத்தின் நிறத்தைக் காப்பாற்றாதா என்பது அவர் தர்க்கம். அழுக்கு என்னவோ உடனே போகும். வார்னிஷ் நன்றாக இருக்கிற இடத்தில் சோடா ஒன்றும் செய்ய முடியாமல் வழிந்துவிடும். கல்லடி பட்டு வார்னிஷ் தெறித்த இடத்தில் அது நேரே அலுமினியத்தின் தோலைக் கரைத்துவிடும். அங்கே நுழைந்த ஈரம் வார்னிஷுக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம் போலக் கோடு கோடாகப் பரவும்.

அது போதாதென்று துருசு வேறு. ஏலத்தில் அழுகல் நோய்க்குப் போர்டோக் கலவை அடிப்பார்கள்: 1 கிலோ துருசு, 1 கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலவை பதமா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. பளிச்சென்று தீட்டின அரிவாளை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பது. இரும்பின் மேல் செம்பு சிவப்பாகப் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இரும்பு கரைந்து தன் இடத்தைச் செம்புக்கு விட்டுக் கொடுக்கிறது. அலுமினியம் இந்த விஷயத்தில் இரும்பைவிடத் தாராளமான பேர்வழி. தோல் கிழிந்த இடத்தில் ஒரு துளி செம்பு ஒட்டிக்கொண்டால், அதைச் சுற்றியிருக்கிற அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும். மருந்தடிக்கிற விசைக்குழாயை அத்தானின் ஆட்கள் கழுவுவது கார் நிற்கிற அதே களத்தில். முன் இடது சக்கரம் எப்போதும் அந்தத் தண்ணீரில்தான் நிற்கும். சக்கரத்தைக் கெடுத்த வஸ்து இரண்டும் ஏலச் செடியைக் காப்பாற்றுகிற வஸ்துக்கள் என்பதை நினைக்க எனக்கு வியப்பாகவே இருந்தது. கதையில் எழுதினால் ஆசிரியர் வலிந்து ஜோடித்தது என்பீர்கள்.

கடைக்காரர் நாலு சக்கரங்களையும் பிரித்துப் பார்த்தார். மூன்றைத் தேற்றலாம் என்றார். டயர் உட்காரும் இடத்தை இரும்புப் பிரஷ்ஷால் தேய்க்கவில்லை. அதன் துகள் அலுமினியத்தில் புதைந்துகொண்டு மறுபடி துருவாகுமாம். நைலான் நாரால் தேய்த்தார். தேய்த்த இடத்துக்குக் காற்றடைக்கும் பசை தடவினார். கவ்வுகிற எடைக்கட்டிகளை எடுத்துவிட்டு, உட்புறத்தில் ஒட்டுகிற வகையை வைத்தார். அச்சு முகத்தைச் சுரண்டித் துடைத்து, மெல்லிசாக ஒரு பசை தடவினார். "நட்டு மரையில மட்டும் இது படக் கூடாது" என்று எச்சரித்தார். பட்டால் நட்டு இறுக்கத்தின் கணக்கே மாறிவிடும் என்றார். எதிரெதிராக மாற்றி மாற்றி நட்டுகளை முடுக்கினார். நூறு கிலோமீட்டர் ஓடினதும் வந்து மறுபடி பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

நாலாவது, அந்த முன் இடது சக்கரம். உள் விளிம்பில், கரியைத் துடைத்த பிறகு, தலைமுடி போல ஒரு விரிசல். அத்தான், "பத்த வச்சிரலாமே?" என்றார்.

"மத்தவங்க பத்த வைப்பாங்க. நான் பண்ண மாட்டேன். அதே மெட்டு ரோட்டுலதானே வீட்டம்மாவை ஏத்திட்டுப் போவீங்க?"

அத்தான் பேசவில்லை. மதுரையிலிருந்து புதிது ஒன்று வரவழைத்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அபிஷேகத்தின் முறை மாறிவிட்டது. மலையிலிருந்து இறங்கின சூட்டோடு தண்ணீர் ஊற்றுவதில்லை. கை வைத்துப் பார்த்து, சக்கரம் ஆறின பிறகுதான். வெயிலில் இல்லை, வேப்ப மர நிழலில். முதலில் வெறும் தண்ணீர் பீச்சி மணலையும் தூளையும் போக்குகிறார். மணலோடு தேய்த்தால் வார்னிஷில் நாமே கோடு போட்டதாகும். பிறகு புளிப்பும் காரமும் இல்லாத கார் ஷாம்பு. சக்கரத்துக்கென்று தனி வாளி, தனித் துணி. கரம்பு வைத்த நீளப் பிரஷ் ஒன்றைக் கம்பிகளுக்கிடையே விட்டு உட்புறத்தைக் கழுவுகிறார். மனிதர் அதிக நேரம் செலவழிப்பது இப்போது அங்கேதான். தவிட்டுப் புள்ளிகளுக்கு ஒரு திரவம் விற்கிறார்கள். இரும்புத் தூளைத் தொட்டதும் கத்தரிப்பூ நிறமாக மாறி வழியும். பெண்கள் முடியைச் சுருள வைக்கிற மருந்தின் வர்க்கமாம். நாற்றம் சகிக்காது. இரண்டு மூன்று நிமிஷத்தில், காய விடாமல் கழுவிவிட வேண்டும். அது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். கடைசியில் துடைத்து உலர்த்தி, மெழுகு. மெழுகு இருக்கிறதா என்று பார்க்க அக்கா சொன்ன யுக்தி: தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் உருளுவது போல உருண்டால் இருக்கிறது, பரவினால் போய்விட்டது. 'செராமிக்' பூச்சு என்று ஒன்று இருக்கிறது, வருஷக் கணக்கில் தாங்கும் என்கிறார்கள். அத்தான் விலையைக் கேட்டுவிட்டு, மெழுகே போதும் என்று தீர்மானித்தார். என் அபிப்பிராயமும் அதுதான். மாதம் ஒரு முறை மெழுகு போடுகிறவன் மாதம் ஒரு முறை சக்கரத்தை உற்றுப் பார்க்கிறான்.

மதுரையில் ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில், "ரெண்டே நிமிஷத்துல புதுசாக்கிடறோம்" என்று ஏதோ ஒரு பாட்டிலை எடுத்தார்களாம். அத்தான் அதை வாங்கி மூக்கருகே பிடித்தார், கண் எரிந்தது. திராவகம். காரை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். இதை அவர் டெலிபோனில் எனக்குச் சொன்னபோது குரலில் பழைய பெருமை திரும்பியிருந்தது.

கார் இப்போது களத்தில் நிற்பதில்லை, மேட்டில் நிற்கிறது. விரிசல் கண்ட அந்தச் சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போட அத்தானுக்கு மனம் வரவில்லை. தோட்டத்து ஸ்டோர்ச் சுவரில் இரண்டு ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். துருசு மருந்தடிக்கிற ரப்பர்க் குழாயை ஆட்கள் அதில் சுற்றி வைக்கிறார்கள்.